இடம் தெரியும், நிலை தெரியாது

(எமது வானொலியின் மாதாந்த உரைத்தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரைத்தொடரில் நான் வழமையாக வரி, ஓய்வூதியம், வீட்டுக்கடன் என்று காசு சம்பந்தப்பட்ட விடயங்களையே பேசி வந்திருக்கிறேன். இன்றைக்குக் காசோடு சம்பந்தமில்லாத ஒரு கணக்கைப் பற்றிப் பேசப்போகிறேன். இந்த இலண்டன் நகரத்துக்கு மேலாக, நாளொன்றுக்குப் பல தடவை, ஒரு கிழட்டுச் செய்மதி போய்வந்துகொண்டிருக்கிறது. அதற்கு 2024 நவம்பரில் ஐம்பது வயது நிறைந்தது. அதன் பற்றறி செத்து நாற்பது வருடங்களுக்கு மேலாகிறது. இருந்தும் வெயில் படும்போதெல்லாம் அது பேசுகிறது. அது எந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை உலகத்தின் பல மூலைகளிலும் உள்ளவர்கள் காது கொடுத்துக் கேட்டு, குறிப்பேட்டில் எழுதி வருகிறார்கள். அந்தக் குறிப்பேட்டின் கதைதான் இன்றைய உரை. கணக்குப் பதிவையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் ஏன் இத்தனை ஈடுபாடு என்பது போகப்போக உங்களுக்கு விளங்கும்.

முதலில் ஒரு சிறு விளக்கம். அமெச்சூர் வானொலி என்றால் என்ன? எங்களுடையது போன்ற வானொலி ஒரு இடத்திலிருந்து பேச, பலர் கேட்பார்கள். அமெச்சூர் வானொலியில் அனுமதிப்பத்திரம் பெற்ற தனிமனிதர்கள் தங்கள் வீட்டிலிருந்து ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள். அதில் வியாபாரம் இல்லை, விளம்பரம் இல்லை, சம்பளமும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் செய்மதி கட்டத் தொடங்கியது 1961இல். அந்த வருடம் டிசம்பர் 12ஆம் திகதி ஒஸ்கார் 1 என்ற செய்மதி கலிபோர்னியாவிலிருந்து மேலே போனது. ஸ்புட்னிக் போய் நாலு வருடந்தான் ஆகியிருந்தது. நாலரைக் கிலோ எடையுள்ள அந்தப் பெட்டிக்கு இரண்டு எழுத்து மட்டுந்தான் தெரியும். மோர்ஸ் ஒலியில் "ஹாய், ஹாய்" என்று சொல்லிக்கொண்டே உலகத்தைச் சுற்றியது. 28 நாடுகளில் 570க்கும் மேற்பட்டவர்கள் அதைக் கேட்டுத் தகவல் அனுப்பினார்கள். சூரியத் தகடு எதுவும் அதில் இல்லை. பற்றறி மூன்று வாரத்தில் முடிந்தது, சத்தமும் நின்றது.

எங்கள் கதாநாயகன் அந்த வரிசையில் ஏழாவது. முழுப்பெயர் அம்சாற் ஒஸ்கார் 7. 1974 நவம்பர் 15ஆம் திகதி, கலிபோர்னியாவின் வன்டன்பேர்க் தளத்திலிருந்து, ஒரு வானிலைச் செய்மதியை ஏற்றிப்போன டெல்ரா ரொக்கட்டில் மிச்சமிருந்த இடத்தில் இதுவும் ஏறிப்போனது. ஸ்பெயின் நாட்டின் ஒரு சிறு செய்மதியும் கூடவே போனது. ஒஸ்கார் 7இன் எடை சுமார் 29 கிலோ. எங்கள் ஆட்கள் ஊருக்குப் போகும்போது விமான நிலையத்தில் நிறுத்துப் பார்க்கும் ஒரு பெரிய சூட்கேசின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா, மேற்கு யேர்மனி, கனடா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் ஆர்வலர்கள் ஆளுக்கொரு பகுதியைச் செய்து கொடுத்தார்கள். ஏறத்தாழ 1,450 கிலோமீற்றர் உயரத்தில், வடக்குத் தெற்காக, 115 நிமிடத்துக்கு ஒரு தடவை அது உலகத்தைச் சுற்றுகிறது. அதாவது நாளொன்றுக்குப் பன்னிரண்டரைச் சுற்று.

அதன் வேலை என்ன? கீழிருந்து ஒருவர் அனுப்பும் ஒலியை ஒரு அலைவரிசையில் வாங்கி, இன்னொரு அலைவரிசையில் கீழே திருப்பி அனுப்புவது. இதை மறுஒலிபரப்பி என்று சொல்வோம். ஒஸ்கார் 7இல் இரண்டு மறுஒலிபரப்பிகள் உண்டு. முதலாவது, 145.9 மெகாஹேட்ஸ் பகுதியில் வாங்கி 29.4 பகுதியில் திருப்பி அனுப்பும். இதற்கு ஏ நிலை என்று பெயர். இரண்டாவது, யேர்மனியில் கார்ல் மைன்சர் வடிவமைத்தது. 432 மெகாஹேட்ஸ் பகுதியில் வாங்கி 145.9 பகுதியில் அனுப்பும். இது பி நிலை. ஒரே நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும். 24 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றிவிட உள்ளே ஒரு மணிக்கூடு இருக்கிறது. இவற்றைவிட, பி நிலையையே குறைந்த சக்தியில் நடத்தும் சி நிலையும், பற்றறிக்கு மின்னேற்றுவதற்கான டி நிலையும் அமைத்திருந்தார்கள். ஒவ்வொரு நிலைக்கும் அதற்குரிய அடையாள ஒலி உண்டு. ஏ நிலை என்றால் 29.50இலும், பி நிலை என்றால் 145.97இலும் மோர்ஸ் ஒலி கேட்கும். முதலில் "ஹாய், ஹாய்", பிறகு ஆறு வரிசை, வரிசைக்கு நாலு எண்கள். தன் உடம்புச் சூடு, மின்னழுத்தம், தகடுகள் தரும் மின்சாரம் எல்லாவற்றையும் அந்த 24 எண்களில் சொல்லும். மருத்துவமனைக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டை போன்றது அது.

தொடக்க வருடங்களில் ஒஸ்கார் 7 நன்றாகவே உழைத்தது. 1975 ஜனவரியில் ஒருவர் அனுப்பிய ஒலியை ஒஸ்கார் 7 வாங்கி, அதைத் தனக்கு முன் 1972இல் போன ஒஸ்கார் 6க்குக் கொடுக்க, ஒஸ்கார் 6 அதைக் கீழே இறக்கியது. செய்மதியிலிருந்து செய்மதிக்கு ஒலி கைமாறிய முதல் சம்பவங்களில் அதுவும் ஒன்று. ஆபத்திற் சிக்கிய கப்பலையும் விமானத்தையும் செய்மதி மூலம் கண்டுபிடிக்கலாம் என்பதற்கான ஆரம்பப் பரிசோதனைகளுக்கும் இந்த இரண்டு ஒஸ்கார்களும் உதவின.

எவ்வளவு தூரத்துக்கு இதனூடாகப் பேசலாம் என்று நீங்கள் கேட்கலாம். அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது தெரியும் நிலப்பரப்பின் குறுக்களவு ஏறத்தாழ 7,900 கிலோமீற்றர். அந்த வட்டத்துக்குள் இருக்கும் இரண்டு பேர் சில நிமிடங்களுக்குப் பேசிக்கொள்ளலாம். இலண்டனிலிருந்து ரொறன்ரோ சுமார் 5,700 கிலோமீற்றர், ஆகவே பேசலாம். இலண்டனிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 8,500 கிலோமீற்றர், ஆகவே முடியாது. அறுநூறு கிலோமீற்றரால் தவறிவிட்டது. அண்ணன் கனடாவில், தங்கை இலண்டனில், அம்மா ஊரில் என்றிருக்கும் குடும்பத்தில் அம்மா மட்டும் வட்டத்துக்கு வெளியே.

1981ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒஸ்கார் 7 மௌனமானது. காரணம் அதன் பற்றறி. ஆறரை வருடமாக மின்னேறியும் இறங்கியும் களைத்துப்போன பற்றறிக் கலங்கள் உள்ளே குறுஞ்சுற்றாகிவிட்டன. வீட்டு வயரிங்கில் "ஷோர்ட்" என்று சொல்வோமே, அதே கோளாறுதான். சூரியத் தகடுகள் எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் அதை இந்தச் செத்த பற்றறியே விழுங்கிக்கொண்டது. கருவிகளுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. செய்மதி இறந்துவிட்டது என்று கணக்கு மூடப்பட்டது.

21 வருடங்கள் கழிந்தன. 2002 ஜூன் 21ஆம் திகதி, எங்கள் இங்கிலாந்திலேயே, நோர்விச் நகரைச் சேர்ந்த பற் கோவன் என்ற அமெச்சூர் வானொலிக்காரர் 145.97 பகுதியில் ஒரு மோர்ஸ் ஒலியைக் கேட்டார். பிரித்தானியாவின் அமெச்சூர் செய்மதி முன்னோடிகளில் அவரும் ஒருவர். மெதுவான, பழைய பாணியிலான மோர்ஸ். "ஹாய், ஹாய்", அதன்பின் எண்கள்.  அவர் தகவல் கொடுத்தார். ஒலி வந்த நேரங்களை ஒஸ்கார் 7 கடந்துபோகும் நேரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொருந்தியது. செத்துப்போனது என்று எழுதி மூடிய அதே செய்மதிதான்.

நடந்தது என்ன? செத்த பற்றறியின் கலங்களில் ஒன்று காலப்போக்கில் முற்றாக அறுந்துபோய்விட்டது. பற்றறி உண்ட மின்சாரத்துக்கு இனிப் போக வழியில்லை. ஆகவே சூரியத் தகடுகளின் மின்சாரம் நேரே கருவிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பற்றறி அரைகுறையாகச் செத்ததால் செய்மதி செத்தது. பற்றறி முழுதாகச் செத்ததும் செய்மதி எழுந்தது!

நேயர்களே, பற்றறி இல்லாத வானொலி என்றதும் உங்களிற் பலருக்கு ஒரு ஞாபகம் வந்திருக்கும். 1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள். அப்போது எங்கள் சனம் என்ன செய்தது? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லில் டைனமோவை முட்டவிட்டு, வயரை றேடியோவுக்குக் கொடுத்து, ஒருவர் பெடலைச் சுற்றச் சுற்ற மற்றவர்கள் சுற்றியிருந்து பி.பி.சி. தமிழோசையும் வெரித்தாஸும் கேட்டார்கள். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். மறுபடி சுற்றினால் மறுபடி வரும். ஆனால் இடையிற் போன வசனம் போனதுதான். ஒஸ்கார் 7 இன்றைக்கு ஓடுவதும் அதே முறையில்தான். அங்கே பெடல் சுற்றுவது சூரியன். பூமியின் நிழலுக்குள் செய்மதி போனவுடன் ஓய்ந்துவிடும். அதிகம் போனால் முப்பத்தைந்து நிமிட இருட்டு. மறுபக்கத்தால் வெளியே வந்து வெயில் பட்டவுடன் மறுபடி பேசத் தொடங்கும்.

இதோடு இன்னொரு செய்தியும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. போலந்தில் இராணுவச் சட்டம் நடந்த காலத்தில், 1982இல், இந்தச் செய்மதி வெயிலில் இடைக்கிடை வேலை செய்வதை அந்நாட்டு அமெச்சூர் வானொலிக்காரர்கள் கவனித்ததாகவும், தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்ட அந்நாளில் தலைமறைவு இயக்கத்தினர் அதனூடாகச் செய்தி பரிமாறியதாகவும் சொல்கிறார்கள். தொலைபேசியை நம்ப முடியாத காலத்தில் சனம் எந்த வழியையெல்லாம் தேடும் என்பது எங்களுக்குப் புதிதல்ல.

சரி, இனி கணக்குக்கு வருவோம்.

பற்றறி இல்லாததால் செய்மதிக்கு வந்த பெரிய நட்டம் இருட்டில் ஓய்வது மட்டுமல்ல. அதற்கு ஞாபகம் இல்லாமற் போய்விட்டது. நிழலிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் அது புதிதாய்ப் பிறந்தது போலத்தான் எழும்பும். முன்பு ஏ நிலையில் இருந்ததா, பி நிலையில் இருந்ததா என்று அதற்குத் தெரியாது. எந்த நிலையில் எழும்பும் என்பதை முன்கூட்டி உறுதியாகச் சொல்லவும் முடியாது. ஊரில் வணிகம் படித்தவர்களுக்கு "மீதி கீ/கொ/வ" ஞாபகம் இருக்கும். போன மாத மீதியைக் கீழே கொண்டுவந்து, அதிலிருந்து இந்த மாதத்தைத் தொடங்குவது. இந்தச் செய்மதிக்கு அந்த வரி இல்லை. ஒவ்வொரு சுற்றும் வெற்றுப் பக்கத்தில் தொடங்குகிறது.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். அது எங்கே இருக்கிறது என்பது எங்களுக்கு மிக நன்றாகத் தெரியும். அந்த உயரத்தில் காற்றின் உராய்வு அநேகமாக இல்லை, பாதை மாறுவதில்லை. வரும் செவ்வாய்க்கிழமை எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு இலண்டனின் தென்கிழக்கு அடிவானத்தில் அது எழும்பும் என்று ஒரு சாதாரணக் கணினியே கணக்கிட்டுச் சொல்லும். ஆனால் எழும்பும்போது எந்த நிலையில் இருக்கும், பேசுமா, பேசாதா என்பதை எந்தக் கணினியும் சொல்லாது. அதற்குக் காதுதான் வேண்டும். இடம் தெரியும், நிலை தெரியாது. ஊரில் சொந்தங்களை விட்டுவிட்டு, கடிதம் போகாத, தொலைபேசி இல்லாத வருடங்களை இந்த நகரத்தில் கழித்தவர்கள் இந்த வசனத்தின் பாரத்தை அறிவார்கள். விலாசம் எங்களிடம் இருந்தது.

அப்படியானால் நிலையை எப்படிக் கண்டுபிடிப்பது? பலர் கேட்டு, பலர் எழுதி, ஒன்று சேர்ப்பதால்தான். ஆண்டின் சில காலப்பகுதிகளில் இந்தச் செய்மதியின் பாதை முழுவதிலும் வெயில் இருக்கும், நிழலே படாது. அப்போது செய்மதி ஓய்வதில்லை. உள்ளே இருக்கும் பழைய மணிக்கூடு தொடர்ந்து ஓடி, 24 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிலையை மாற்றும். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு இங்கிலாந்தில் ஒருவர் பி நிலை என்று எழுதுகிறார், அன்று மத்தியானம் ஸ்பெயினில் ஒருவர் ஏ நிலை என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாற்றம் அந்த இரண்டு பதிவுகளுக்கும் இடையில் நடந்திருக்கிறது. இடையிலே பத்து மணிக்குப் பின்லாந்தில் ஒருவர் பி நிலை என்று எழுதியிருந்தால் இடைவெளி இன்னும் சுருங்கும். வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுத் தயாரிப்பவர்கள் செய்வதும் இதுதான். இப்படி மாறும் நேரம் தெரிந்துவிட்டால் நாளைக்கும் நாளை மறுநாளுக்கும் எதிர்பார்ப்பு எழுதலாம். பிறகு நிழற்காலம் வரும். சுற்றுக்குச் சுற்று ஓய்ந்து எழும்புவதால் மணிக்கூடு 24 மணித்தியாலத்தை எட்டவே மாட்டாது. அப்போது எதிர்பார்ப்பு இல்லை. ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

குறிப்பேட்டில் எழுதுவது மிகக் கொஞ்சம்: திகதி, நேரம், கேட்ட இடம், நிலை, ஒலியின் தெளிவு. நேரத்தைக் கிரினிச் நேரத்தில்தான் எழுதுவார்கள். கிரினிச் எங்கள் இலண்டனுக்குள்ளேயே இருந்தாலும், மார்ச் கடைசியிலிருந்து ஒக்ரோபர் கடைசி வரை எங்கள் கைக்கடிகாரம் அதைவிட ஒரு மணித்தியாலம் முந்தி ஓடும் என்பதை மறக்கக்கூடாது. கோடைகாலத்தில் ஒரு பதிவு ஒரு மணித்தியாலம் பிழைத்தால், ஒருவர் பி என்று எழுதிய அதே நேரத்தில் இன்னொருவர் ஏ என்று எழுதியதாகத் தோன்றும். இருவரிற் யாரோ பொய் சொல்கிறார் என்று வீணான வழக்குத் தொடங்கும்!

அலைவரிசையும் ஒரே இடத்தில் நிற்காது. அம்புலன்ஸ் கிட்ட வரும்போது சத்தம் கூர்மையாகவும், எங்களைத் தாண்டிப் போகும்போது மந்தமாகவும் கேட்பதைப் போல, செய்மதி எங்களை நோக்கி வரும்போது 145.97ஐவிட மூன்று கிலோஹேட்ஸுக்குச் சற்றுக் குறைவான அளவு மேலேயும், விலகிப் போகும்போது அதே அளவு கீழேயும் கேட்கும். அந்தச் சறுக்கல்தான் இது வானத்திலிருந்து வருவது, பக்கத்து வீட்டுக் கருவியிலிருந்து வருவதல்ல என்பதற்குச் சாட்சி.

இனி எல்லாப் பதிவுகளிலும் கடினமான பதிவைப் பற்றிச் சொல்கிறேன். அது, "ஒன்றும் கேட்கவில்லை" என்ற பதிவு. பலர் இதை எழுதுவதில்லை. கேட்டால் எழுதுவோம், கேட்காவிட்டால் எதை எழுதுவது என்று விட்டுவிடுவார்கள். ஆனால் செய்மதி தலைக்கு மேலே, வெயிலில் இருக்கும்போது 145.97இல் ஒன்றும் கேட்கவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல். பி நிலையில் இல்லை என்று நினைக்க இடமுண்டு, உடனே 29.50ஐத் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கேயும் ஒன்றுமில்லை என்றால்? இங்கேதான் அவசரப்படக்கூடாது. இலண்டன் போன்ற நகரத்தில் 29 மெகாஹேட்ஸ் பகுதி முழுவதும் இரைச்சல். கைத்தொலைபேசி சார்ஜர், மின்குமிழ், இன்ரர்நெற் பெட்டி எல்லாம் அங்கே கத்துகின்றன. செய்மதியின் மெல்லிய குரல் அதற்குள் அமிழ்ந்திருக்கலாம். ஆகவே சரியான பதிவு "எனக்குக் கேட்கவில்லை" என்பதுதான். "வேலை செய்யவில்லை" என்பது வேறு வசனம். அதை எழுதுவதற்கு வேறு ஆதாரம் வேண்டும்.

கணக்காய்வில் எங்களுக்கு முதலில் படிப்பிக்கும் பாடமும் இதுதான். காணப்படவில்லை என்பது ஒன்று. இல்லை என்பது இன்னொன்று. 1981இல் எழுதப்பட்ட "இறந்தது" என்ற பதிவை 2002இல் வெட்டி எழுத வேண்டி வந்தது. காணவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை எங்கள் சமூகத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எத்தனையோ தாய்மார் படங்களை ஏந்திக்கொண்டு தெருவில் நிற்பது அந்த ஒரு சொல்லுக்காகத்தான். ஒரு இயந்திரத்தின் விடயத்திற்கூட, தெரியாததைத் தெரிந்ததாக எழுதாமல், தெரியாதென்றே எழுதிவைக்கும் ஒழுங்கு இந்தக் குறிப்பேட்டுக்காரர்களிடம் இருக்கிறது. என்னை இதன்பால் இழுத்தது அந்த ஒழுங்குதான்.

இன்னொரு ஒழுங்கும் உண்டு. இந்தச் செய்மதியின் மின்சாரம் எல்லோருக்கும் பொது. சேமித்து வைக்கப் பற்றறி இல்லாததால், தகடுகள் அந்த நொடியில் தருவதுதான் மொத்த வருமானம். யாராவது ஒருவர் மிகுந்த சக்தியோடு கீழிருந்து அனுப்பினால், செய்மதி அவருடைய ஒலியை உரத்து ஒலிக்க முயன்று மின்னழுத்தம் சரியும். எல்லோருடைய குரலும் நடுங்கும். சிலவேளை செய்மதியே நின்று புதிதாக எழும்பும். சைக்கிள் டைனமோ சுற்றியவர்களுக்குத் தெரியும்: றேடியோவின் சத்தத்தைக் கூட்டினால் பெடல் பாரமாகும். ஆகவே பேசுபவர்கள் தங்கள் சக்தியை எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவு குறைத்துப் பேச வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

பற்றறி செத்த எல்லாச் செய்மதிக்கும் இந்த அதிட்டம் கிடைப்பதில்லை. இந்தியா 2005 மே 5ஆம் திகதி சிறீஹரிக்கோட்டாவிலிருந்து ஹாம்சாற் என்ற அமெச்சூர் செய்மதியை அனுப்பியது. சென்னையிலிருந்து வடக்கே பழவேற்காட்டு ஏரியோரம் இருக்கும் அதே ஏவுதளந்தான். 42 கிலோ எடை. ஒரு மறுஒலிபரப்பி இந்தியாவிற் செய்தது, மற்றது ஒல்லாந்து நாட்டு அமெச்சூர் ஒருவர் வடிவமைத்தது. ஒன்பது வருடம் நன்றாக உழைத்தது. அதன் லித்தியம் பற்றறி பழுதாகி, 2014 ஜூலையில் அதன் காலம் முடிந்ததாக அறிவித்தார்கள். புதிய தொழில்நுட்பம் போனது. 1974ஆம் ஆண்டுப் பெட்டி இருந்தது.

எங்களுக்குக் கிட்டவே இன்னொரு கிழவரும் உண்டு. இலண்டனுக்குத் தென்மேற்கே கில்ட்போர்டில் உள்ள சரே பல்கலைக்கழகத்தில் கட்டி, 1984 மார்ச் 1ஆம் திகதி அனுப்பிய யூஓசாற் 2. தரையிலிருந்து கட்டளை வராவிட்டால் தானாகவே மாறும்படி அதிலும் ஒரு காவல் மணிக்கூடு வைத்திருந்தார்கள். கட்டளை ஓய்ந்த பிந்திய வருடங்களில் அது ஏறத்தாழப் பத்து நாள் பேசும், பத்து நாள் மௌனமாக இருக்கும். அதையும் பொறுமையாகக் கேட்டு மாதாமாதம் எழுதிவைத்தவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள்.

இன்று புதியவையும் வந்துவிட்டன. 2018இல் கட்டார் நாட்டின் எஸ்ஹெயில் 2 என்ற செய்மதியில் அமெச்சூர்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அது 36,000 கிலோமீற்றர் உயரத்தில், ஆபிரிக்காவுக்கு மேலே ஒரே இடத்தில் நிற்கிறது. இரவும் பகலும் கேட்கும். இலண்டனும் யாழ்ப்பாணமும் அதன் வட்டத்துக்குள் இருக்கின்றன. அந்த அறுநூறு கிலோமீற்றர் குறை தீர்ந்துவிட்டது. அது ஏவப்பட்ட திகதி என்ன தெரியுமா? நவம்பர் 15. ஒஸ்கார் 7 போன அதே திகதி, சரியாக 44 வருடங்களின் பின்.

அப்படியானால் இந்தக் கிழட்டுச் செய்மதியை ஏன் இன்னும் கேட்க வேண்டும்? என்னுடைய பதில் இது. புதுச் செய்மதிக்குத் தன் நிலையைத் தானே சொல்லும் வசதியும், அதைக் கவனிக்கச் சம்பளத்துக்கு ஆட்களும் உண்டு. ஒஸ்கார் 7க்கு இருப்பது கேட்பவர்களின் குறிப்பேடு மட்டுந்தான். அது தனக்கு மறந்ததை இவர்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். கேட்பவர்கள் ஓய்ந்தால், அது வெயிலில் பேசிக்கொண்டே இருந்தாலும் அதற்கு வரலாறு இல்லை. இவர்களிற் பலரும் வயதானவர்கள். 1974இல் இளைஞராக இருந்து கேட்டவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். எங்கள் வீடுகளிலும் இதே கதைதான். எந்த ஊரில் எந்த வருடம் எந்த வீட்டில் இருந்தோம், எப்போது இடம்பெயர்ந்தோம், எந்தத் திகதியில் எந்த விமான நிலையத்தில் வந்திறங்கினோம் என்பதெல்லாம் பெரியவர்களின் தலைக்குள் இருக்கிறது. பிள்ளைகளின் தாளில் இல்லை. எழுதுங்கள். நிச்சயமில்லாத இடத்தில் "நிச்சயமில்லை" என்றும் எழுதுங்கள். பிறகு வருபவர் ஒருவர் இன்னொரு பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.

பிள்ளைகளோடு இதைச் செய்து பார்க்க விரும்புபவர்களுக்குச் சில வார்த்தைகள். இந்த நாட்டில் அமெச்சூர் ஒலிபரப்பைக் கேட்பதற்கு மட்டும் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. கணினியில் செருகும் ஒரு சிறு வாங்கிக் கருவியும், இரண்டு கம்பியாற் செய்த அன்ரெனாவும் தொடங்குவதற்குப் போதும். மோர்ஸும் ஒற்றைப்பக்க அலை எனப்படும் குரலும் கேட்கக்கூடிய வாங்கியாக இருக்க வேண்டும். எங்கள் சாதாரண எஃப்.எம். றேடியோவில் கேட்காது. மாடிக் கட்டடங்களுக்கு இடையில் இருப்பவர்கள் அருகிலுள்ள பூங்காவின் திறந்த வெளிக்குப் போவது நல்லது. ஒரு தடவை கடந்துபோவது அதிகம் போனால் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்; பிள்ளைகளின் பொறுமைக்கும் அதுதான் அளவு! பேசவும் விரும்பினால் ஆரம்ப நிலை அனுமதிப்பத்திரத்துக்கு ஒரு சிறு பரீட்சை எழுத வேண்டும். இந்த நிலை 2002இல், ஒஸ்கார் 7 எழுந்த அதே வருடத்தில், இங்கே அறிமுகமானது. மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் 2003இல் நீங்கிவிட்டது.

எங்கள் கலையகத்தின் வரவேற்பறையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். திகதி, கிரினிச் நேரம், இடம், நிலை, குறிப்பு என்று ஐந்து நிரல்கள் கோடு போட்டிருக்கிறேன். நீங்கள் எப்போதாவது கேட்டால் வந்து எழுதுங்கள். கேட்காவிட்டாலும் வந்து எழுதுங்கள். "கேட்கவில்லை" என்று எழுதுவதற்கும் அதில் இடம் விட்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் வழமைபோல வரிப் படிவங்களோடு சந்திப்போம்.